பாதியில் எழுந்தவள்

பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போன கணவருக்குக் கன்னத்தருகே ஒரே ஒரு பொத்தான். கணினித் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வந்ததும் கன்னத்தால் அழுத்துவார்.

அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, அலுத்துப்போய்ச் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள் மனைவி. அவர் வாய் திறக்கவில்லை. திரையில் மெல்ல மெல்லச் சொற்கள் சேர்ந்தன.

‘உன் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை’

அவளுக்கு அழுகை முட்டியது. பார்க்க வந்திருந்த நாத்தனாரிடம் கிண்ணத்தை நீட்டினாள்.

“நீங்களே ஊட்டுங்க அண்ணி. இவ்வளவு செஞ்சும் என் கை கசக்குதாம்!”

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் குரல் கேட்டது.

“இங்க வாம்மா, அவன் இன்னும் முடிக்கவே இல்ல!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். வாக்கியம் நீண்டிருந்தது.

‘நீ பட்டினி கிடக்கும்போது.’