டியூப்லைட் வளையவில்லை

டியூப்லைட் நேராகத்தான் இருந்தது.

கார் பானட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல அதன் பிம்பம் ஒரே வெள்ளைக் கோடு. எங்கும் வளையவில்லை.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்பு கான்டெஸா மாடல் கார். சக்கரம் இன்னும் மாட்டவில்லை. காலி இருமல் மருந்து பாட்டிலின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது.

கறுப்பு பொல்லாத நிறம். விழுந்த தூசியையும் காட்டிக்கொடுக்கும், தொட்ட விரலையும் காட்டிக்கொடுக்கும். தெரிந்தேதான் எடுத்தான். போன வருடக் கண்காட்சியில் அவனுடைய சிவப்புக் காரை நடுவர் கையில்கூட எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். "லைட்டு வளையுதுங்களே" என்றார். பூச்சில் மேடுபள்ளம் என்று அர்த்தம். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு பேச்சு வருடம் முழுக்க அவனை அரித்தது. அதற்காகத்தான் பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு இந்தத் தவம். கேட்டால் தூசி என்பான்.

இன்று மாலை கண்காட்சி. அதே நடுவர்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பானட்டுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனான்.

தெரிந்தது. கண், மூக்கு, மீசையில் நரைத்த இரண்டு மயிர்கூட.

வாய் கோணியிருந்தது.

இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது.

திக்கென்றது. இத்தனை பூச்சு பூசி, காயவைத்து, தேய்த்து, கடைசியில் ஒரு பள்ளமா? மேலே அடித்த வார்னிஷ் அந்த இடத்தில் மட்டும் சரியாகப் படியவில்லை போலிருக்கிறது. பாவி வார்னிஷ்.

உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தான். வாய் தெரிந்த இடத்தில் மெல்லத் தேய்த்தான். பாலிஷ் தடவித் துணியால் துடைத்தான். பளபளப்பு திரும்பி வந்தது.

குனிந்தான்.

வாயும் அப்படியே திரும்பி வந்தது.

சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். சோறு ஆறுகிறதாம். இதோ வர்றேன் என்றுதான் சொன்னான்.

"ஏனுங்க, வாயில என்னத்தப் போட்டுட்டுப் பேசறீங்க?"

அவனவன் கவலை அவனவனுக்கு.

இடது கையில் பிடித்திருந்த பாட்டில் நழுவியது. சோப்புத் தண்ணீர். கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் பிடித்தான். மறுபடி நழுவியது. வழுக்குகிறது, வேறென்ன.

பாட்டிலை மேசை விளிம்போடு நெஞ்சால் அணைத்துக்கொண்டு தேய்த்தான். அழுத்தித் தேய்த்தான். உப்புத்தாளைப் பூப்போல வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன்.

கறுப்புக்கு அடியிலிருந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

கடுகளவுதான். ஆனால் அது முதல் பூச்சு. வார்னிஷும் போய், கறுப்பும் போய்விட்டது.

போச்சு, எல்லாம் போச்சு.

ஐயோ என்று சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு ஏதோ சத்தம்.

கையில் கரண்டியோடு வந்தாள் அவள். காரைத் தொட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொடாமல், அவன் தோளுக்கு மேல் சாய்ந்து பார்த்தாள். அவள் சாய்ந்ததில் அவன் சற்று நகர்ந்தான். அவன் முகம் இப்போது பானட்டின் மறுபக்கத்தில் விழுந்தது. உப்புத்தாள் படாத பக்கம்.

அங்கேயும் வாய் கோணல்.

பக்கத்திலேயே அவள் முகம்.

பொட்டு நடுவில் இருந்தது. மூக்குத்தி மின்னியது. உதடுகள் நேராக இருந்தன.

அவன் உப்புத்தாளை மேசையில் வைத்தான்.

அவள் காரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியை உப்புத்தாளின் மேலேயே வைத்தாள். அவளுடைய அப்பா வாதம் வந்து படுக்கையில் விழுந்த அன்று டாக்டர் அவரிடம் சொன்னதை, இப்போது இவள் இவனிடம் சொன்னாள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

தூக்கினான்.

இரண்டையும்தான் தூக்கினான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

குனிந்து பானட்டைப் பார்த்தான்.

நேரான டியூப்லைட்டின் குறுக்கே ஒரு கைதான் எழுந்திருந்தது.