மாட்டுப் படம்

திரையில் வாத்து தண்ணீரில் இறங்கியதுதான் தாமதம், பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் வீரிட்டார்கள். ஞானமலர் டீச்சர் பாய்ந்துபோய் டீவியை நிறுத்தினார். அழுகையும் உடனே நின்றது.

"பாத்தீங்களா சேர்? வாத்துக்கே இந்தப் பாடு" என்றார் டீச்சர், ஓடி வந்ததுகளில் இரண்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு.

றவூப் பார்த்தார். பெரியகல்லாற்றின் அந்தப் பாலர் பாடசாலைக்கு டீவி கொடுத்தது புளியந்தீவில் இருக்கும் அவருடைய நிறுவனம்தான். அடிதடி இல்லாத, பிள்ளைகள் பயப்படாத படங்களாகத் தேர்ந்து போடவேண்டும் என்பது நிபந்தனை. ஒன்றும் தேறாவிட்டால் டீவியை இன்றைக்கே வாகனத்தில் ஏற்றிவரும்படி மேலிடத்து உத்தரவு.

கொண்டுவந்த பதினொரு டிஸ்க்கில் பத்து தோற்றுவிட்டது. முயல் படத்தில் பலூன் வெடித்தது. அந்த அமளியில் டீச்சரின் கையிலிருந்த கரும்பலகைச் சோக்குப் பெட்டியும் விழுந்து சிதறியது. அணில் படத்தில் இடி இடித்தது. கரடி ஒன்று மரியாதையாகக் கதவைத் தட்டியதற்கே வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது.

"சுனாமியிலயும் சண்டையிலயும் அடிபட்ட புள்ளையள் சேர். நெஞ்சுக்குள்ள கிடக்கும்தானே" என்று டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். றவூப் ஃபைலைத் திறந்து, 'ஆண்டு 2010. பிள்ளைகளின் வயது நான்கு. ஆழமான மனப்பாதிப்பு. கொழும்பிலிருந்து டொக்டர் தேவை' என்று கவலையோடு எழுதிக்கொண்டார்.

"அப்ப என்னத்தத்தான் போட்டுக் காட்டுறீங்க டீச்சர்?"

"மாட்டுப் படம் ஒண்டு கிடக்கு சேர், கால்நடைக் கந்தோரில தந்தது."

முக்கால் மணி நேரம் ஒரு பசு நின்ற இடத்திலேயே நின்று அசைபோடும் அரசாங்க அலுவலகப் படம் அது. "அதிலயும் ஒருக்கா வாலால ஈய அடிக்குது. அந்த இடத்த மட்டும் கையால பொத்திருவன்" என்றார் டீச்சர்.

மாட்டுப் படம் ஓடியது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. கொட்டாவி விட்டபடி பார்த்தார்கள். முன்வரிசை நிதுர்ஷன் மட்டும் மாட்டை விட்டுவிட்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பச்சை மண்ணுகள், எவ்வளவு பயந்துபோயிருந்தால் மாட்டைப் பார்த்துச் சமாதானம் அடையும் என்று றவூபுக்கு மனம் கசிந்தது. டீவியை விட்டுப் போகத்தான் ஆசை. ஆனால் ஒரு மாட்டுக்காக எந்த நிறுவனமும் டீவி கொடுக்காது.

"இருங்க சேர், தேத்தண்ணி போட்டுட்டு வாறன்" என்று டீச்சர் பின்பக்கம் போனார்.

கடைசி டிஸ்க்கை றவூப் தயங்கித் தயங்கிப் போட்டார். கப்பல் ஒன்று வந்தது. மலை போல ஓர் அலை எழும்பி அதைக் குட்டிக்கரணம் அடிக்கவைத்தது. கப்பலின் மேல் நின்ற யானை பீரங்கியால் பூசணிக்காய்களைச் சுடத் தொடங்கியது. கெட்டது குடி என்று றவூப் நிறுத்த ஓடினார்.

பிள்ளைகளோ பாயில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "இன்னும் சுடு, இன்னும் சுடு!" என்று நிருஷா எழும்பிக் குதித்தாள்.

திறந்த வாயை றவூபால் மூடமுடியவில்லை. ஃபைலைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். நாலு வயது! 2004இல் சுனாமி வந்தபோது இதில் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை.

"அப்ப ஏன் மகன் இவ்வளவு நேரமும் அழுதீங்க?" என்று நிதுர்ஷனைக் கேட்டார்.

பின்பக்கம் கோப்பைகள் கிலுங்கும் சத்தம் கேட்டது. நிதுர்ஷன் அவசரமாக ஓடிவந்து அவருடைய காதைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சருக்குத்தான் சேர் பயம், கையெல்லாம் நடுங்கும். நாங்க அழுதா எங்களத் தூக்குவா. தூக்கினா நடுங்காது."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அந்தா வாறா சேர், நீங்களும் அழுங்க!"