அதே மேக்கப்

"காலையில கல்யாணப் பொண்ணுக்கு என்னென்ன போட்டியோ, அத்தனையும் எனக்கும் போடு. ஒரு பூச்சுகூடக் குறையக் கூடாது!"

உத்தரவு போட்டுவிட்டு, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள் எம்.டி.

ஒரு கம்பெனியின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. ஆனால் வாயைத் திறந்தால், "அடுத்த வருஷம் நாங்க என்ன முடிவு பண்ணியிருக்கோம்னா..." என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் அந்த வீட்டில் கூடக் குடியிருக்கும் இரண்டு பெண்களும் சேர்ந்து அவளுக்கு இந்தப் பதவி உயர்வைக் கொடுத்திருந்தார்கள்.

இன்று சாயங்காலம் அவளுடைய காதலன் தன் அம்மாவோடு வந்து கல்யாணப் பேச்சை முடிக்கப்போகிறான். ஒரு வாரமாக வீட்டில் இதே அறிவிப்புதான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கோப்பைகள் மேசையில் அணிவகுத்திருந்தன. சோபாவின் கிழிசலை மறைக்கப் புது விரிப்பு வந்திருந்தது. விருந்தாளிகள் வரும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. அலமாரியில், இந்த வீட்டில் எவரும் பிரித்தே பார்க்காத தடித்தடிப் புத்தகங்கள்.

"அவங்க வர்றப்ப யாரும் நைட்டியோட குறுக்க நெடுக்க நடக்காதீங்க. அவரு மண்டல மேலாளர். நம்ம லெவல் தெரியணும்."

"லெவலா? பாத்ரூம்ல ஒழுகுற குழாய்க்கு வாளி வெச்சிருக்கோமே, அதுலயும் ஒரு லெவல் இருக்கு. கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாமா?" என்றாள் நர்ஸ், யூனிஃபார்ம் பொத்தானைப் போட்டபடி.

பவுடர் சிரிக்கவில்லை. கல்யாணங்களுக்கு மேக்கப் போடும் அவளுக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். "பிரஷ்ஷைக் கழுவிட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனாள். நர்ஸ் பின்னாலேயே வந்தாள்.

"என்னடி, வந்ததிலேருந்து பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

சத்தம் வெளியே போகாமலிருக்கப் பவுடர் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"காலையில நான் போனது யார் கல்யாணம் தெரியுமா? இவளோட மண்டல மேலாளர் கல்யாணம்."

"ஐயோ! நல்லாப் பார்த்தியா?"

"அந்தச் சோபாவுல கால்மேல கால் போட்டுக்கிட்டு, 'ஏ பவுடர், ஒரு காபி'ன்னு எத்தனை தடவை அதிகாரம் பண்ணியிருக்கான்! எனக்குத் தெரியாதா? காலையில பொண்ணோட ரூமுக்குள்ள வந்தான். என்னைப் பார்த்தான். 'தேங்க்ஸ் மேடம், பிரமாதமா பண்ணியிருக்கீங்க'ன்னான். மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு. சத்தியமா அதுக்கு என் பவுடர் காரணமில்லை."

"உன்னை யாருடி கூப்பிட்டா?"

"அவன் தங்கச்சி. யாரோ என் நம்பரைக் கொடுத்தாங்களாம்."

"இப்பவே போய்ச் சொல்லிடு."

"எப்படிடி சொல்றது? அவன் போக்கு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கே, 'உனக்கு ஒருத்தனும் மாட்டலேன்னு வயித்தெரிச்சல்'னு மாசக்கணக்கா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. இப்பத்தான் பேசுறா. மறுபடியும் அவளை இழக்க என்னால முடியாது. நீ சொல்லேன்."

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

ஆஸ்பத்திரியில் எத்தனையோ குடும்பங்களிடம் கெட்ட செய்தி சொல்லிப் பழகியவள், செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

பவுடர் திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தாள். முடிந்தவரை மெதுவாகச் செய்தாள். முகம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"அந்தப் பொண்ணுக்கு உருண்டை முகமா, நீள முகமா?" என்று கேட்டாள் எம்.டி.

"உருண்டை."

"ம்... சிரிச்சா நல்லாருக்குமா?"

"மேக்கப் போடுறப்ப சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"உன்கிட்ட யாரு வாய் கொடுப்பா! அது என்ன புது டப்பா?"

"அழுதாலும் கலையாத மை. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் எடுப்பேன்."

"அவளுக்கும் இதுதானே?"

"இதுதான்."

"அப்ப போடு."

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. படிக்கட்டில் காலடிச் சத்தம் ஏறி வந்து, இவர்கள் கதவைத் தாண்டி, மேல்மாடிக்குப் போய்விட்டது. பவுடர்தான் பிரஷ்ஷை நிறுத்திக் கதவைப் பார்த்தாள். எம்.டி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த போனையும் தொடவில்லை.

உதடு மட்டும்தான் பாக்கி. இனித் தள்ளிப்போட முடியாது.

"எம்.டி... நான் ஒண்ணு சொன்னா என்னை வெறுத்துட மாட்டியே? அவங்க வர மாட்டாங்கடி."

எம்.டி. கண்ணாடியில் புருவத்தைச் சரிபார்த்தாள்.

"காலையில... அந்த மாப்பிள்ளை..." என்று இழுத்தாள் பவுடர்.

"லிப்ஸ்டிக்கை முடி முதல்ல. அதே கலர்."

முடித்தாள். எம்.டி. விளக்கைப் போடச் சொல்லி, கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மை கலையவில்லை, ஆனால் அதன்மேல் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அவன் தங்கச்சிக்கு உன் நம்பரைக் கொடுத்ததே நான்தான்டி," என்றாள். "அதே கை, அதே மேக்கப்... இப்ப மறைக்காம சொல்லு, அவளைவிட நான் எதுல குறைஞ்சுபோயிட்டேன்?"