411137 என்றொரு சீட்டு
தேரடித் தெருவில் வெயில் சாய்கிறது. லாட்டரிக் கடை சாந்த் பாஷாவிடம் கடைசிச் சீட்டு ஒன்று மிச்சம்; குலுக்கல் நாளைக்கு. இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, அதையும் கூட்டினால் எட்டு வருகிறதென்று அதை யாரும் தொடவில்லை. கணக்கு வாத்தியார் தேவராஜுலுவுக்கு எட்டைப் பற்றிப் பயமில்லை. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்தால் வாங்கிக்கொள்வார். சிகரெட் அட்டையின் பின்பக்கம் அவர் வகுத்து வகுத்துப் பென்சில் முனை மழுங்கிவிட்டது. "சார், கடைய மூடணும்." "இருப்பா, இதுவரைக்கும் மீதி வந்துட்டே இருக்குது." பென்சில் சட்டென நிற்கிறது. "போச்சு! நூத்தி முப்பத்தேழால மீதியில்லாம வகுபடுது. வேணாம்ப்பா." "எட்டுனு ஊரே வாங்கல, வகுபடுதுனு நீங்க வாங்கல! இந்த நம்பர் உங்களயெல்லாம் என்னதான் சார் பண்ணுச்சு? நானே வச்சிக்கிறேன், போங்க." சட்டைப்பைக்குப் போன பாஷாவின் கை பாதியில் நிற்கிறது. உதடுகள் மெல்லக் கூட்டிப் பார்க்கின்றன. எட்டுதான்.