வளைவை எடுத்துவிட்டு

அழித்தேவிட்டாள்.

திரையில், புரதத்தின் ஓரத்தில் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருந்த வளைவு. பன்னிரண்டு அமினோ அமிலங்கள். ஒரே தட்டில் காலி.

யார் கேட்டார்கள் இவளை?

ஆய்வுக் கட்டுரை நாலு மணிக்குப் போகிறது. வழிகாட்டி ஞானசுந்தரி மேடம் கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்துச் சரி சொல்லியாயிற்று. அனுப்பிவிட்டால் பட்டம் கையில். ஆறு வருடக் கஷ்டத்துக்கு ஒரு விடிவு. வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காசநோய்க் கிருமியின் புரதம் அது. படிகமாகவே மாட்டேன் என்று நாலு வருடம் இவளைப் படாதபாடு படுத்தியது. ஒருவழியாக உப்புக்கல் அளவுக்கு ஒன்று விளைந்தது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சியதில் கிடைத்தது பாதித் தகவல்தான். மீதிக்குக் கணினி ஊகித்துத் தந்த உருவத்தை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்ததும் புரதம் பளிச்சென்று தெரிந்தது, மருந்து போய் ஒட்டவேண்டிய அந்த வளைவோடு.

கட்டுரையே அந்த வளைவைப் பற்றித்தான்.

அங்கேதான் இவளுக்கு உறுத்தல். உருவத்தைக் கட்டித் தருகிற இந்தக் கணினிக் கணக்கு ஆமாம்சாமி போடுகிற ரகம். நாம் எதை வைத்தாலும், இருக்கிறது இருக்கிறது என்று காட்டும். சந்தேகம் வந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். நிஜமாக இருந்தால், வைக்காமலே தெரியும்.

ஓட்டினாள்.

வந்துடு. என் தங்கமே, வந்துடு.

வரவில்லை.

வளைவு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறல்கள், அவ்வளவுதான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழையபடி வைத்துவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

எழுந்து போய் மேடத்தைக் கூட்டிவந்தாள்.

மேடம் நின்றபடியே பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னைக்கு அனுப்ப வேண்டாம்" என்றார்.

பிறகு குனிந்து, மவுஸை வாங்கி, ஒரு பழைய கோப்பைத் திறந்தார்.

திறந்த உருவத்தை இவளுக்குத் தெரியும். துறையில் தெரியாதவர்கள் இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் மேடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த புரதம். அதை நம்பி எத்தனையோ பேர் மேலே மேலே வேலை செய்து பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் மேடம் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழா அழைப்பிதழில்கூட அந்தப் படம்தான்.

மேடத்தின் விரல் அதில் ஒரு மடிப்பின்மேல் நின்றது.

"இதையும் எடுத்துட்டு ரன் பண்ணும்மா. அன்னைக்கே பாத்திருக்கணும். பயமா இருந்துச்சு, பாக்கல."

இவளுக்குக் கை நகரவில்லை. வேண்டாம் மேடம் என்று சொல்லத்தான் நினைத்தாள்.

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து, பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இவள் மடிப்பை அழித்தாள். கணக்கு ஓடத் தொடங்கியது.

மேடத்தின் கை மேசைமேல் இருந்தது. இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.