புது வசூல்காரர்

பூசியா சந்தையில் வரி வசூலிக்கும் பராசா, இடுப்பில் ரசீது மெஷினோடு வந்து நின்றார்.

கீரை விற்கும் நெக்கேசா நிமிரக்கூட இல்லை. "நேத்தே கட்டியாச்சு சார். புது ஆபீசர் வந்து எல்லார்கிட்டயும் வாங்கிட்டுப் போயிட்டாரு."

"புது ஆபீசரா? அப்படி யாரையும் அனுப்பலையே!"

"இதோ ரசீது. பட்டனை அமுக்கினாரு, கிர்ருனு வந்துச்சு."

சுற்றியிருந்த பெண்களும் பெருமையாகத் தங்கள் சீட்டுகளை ஆட்டினார்கள். பராசா ஒன்றை வாங்கிப் படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"'சோதனை அச்சு. பேட்டரி முழுசா இருக்கு. மெஷின் நல்லா இருக்கு.' இதாம்மா இதுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு! பட்டனை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா எந்த மெஷின்லயும் தானா வர்ற சீட்டு. எவனோ கடையில ஒரு மெஷினை வாங்கிட்டு வந்து உங்க தலையில மிளகாய் அரைச்சிட்டான்!"

நெக்கேசாவின் முகம் சுண்டிப்போனது.

"இத்தனை வருஷமா வரி கட்டுறீங்க. ரசீது எப்படி இருக்கும்னுகூடவா தெரியாது?"

"எப்படி சார் தெரியும்?" என்றாள் நெக்கேசா. "நீங்க வசூலுக்கு வர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவைகூட உங்க மெஷின்ல சார்ஜ் இருந்ததில்லையே!"