மூண்டு தரம் விழுந்த லைன்

"சொறி அன்ரி, என்ர பக்கம் லைன் விழுந்திட்டுது. அந்த வரியை இன்னொருக்கா வாசியுங்கோ."

மூண்டாந்தரம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

என்ர மனிசி மேரிசாந்தி அலுமாரிக்குள்ள நிக்கிறா. சிரிக்காதையுங்கோ, அதுதான் அவவின்ர ஸ்ரூடியோ. வெம்பிளியில எங்கட சின்ன அறையில, உடுப்பு அலுமாரியைக் காலியாக்கி, சுத்திவரப் போர்வை தொங்கவிட்டு, நடுவில ஒரு மைக். வெளியில கொம்பியூட்டரோட நான்.

இருதய நோயாளருக்கான ஒரு வீடியோவுக்குத் தமிழ்க் குரல் குடுக்கிற வேலை. நகரத்துக்குள்ள ஒரு ஸ்ரூடியோவில இருந்து இப்ப சொறி சொன்ன சுஜீத் எண்ட பெடியன் இன்டர்நெட்டில அவவின்ர குரலைப் பதியிறான். மஞ்செஸ்டரில இருந்து வேலை தந்த கம்பனி மனிசியும் கேட்டுக்கொண்டிருக்கிறா. அவையள் கதைக்கிறது மட்டும்தான் என்ர ஹெட்போனில வரும். சாந்தி வாசிக்கிறது போர்வைக்குள்ள அமுங்கிப் போகும்.

பதினொரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வேலை. தைரொயிட் ஒபரேஷனுக்குப் பிறகு சாந்தியின்ர குரல் நடுவில நடுவில உடையும். மெல்ல மெல்ல ஆறுதலாத்தான் திரும்பி வருமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வேலை பிடிச்சுத் தாற ஏஜென்சிக்காரர் முகத்துக்கு நேரயே சொல்லிட்டினம்: "இதைச் செய்து பாருங்கோ. சரிவராட்டி லிஸ்டில இருந்து பேரை எடுக்கவேண்டி வரும்."

காலமை முழுக்கச் சுடுதண்ணியைக் குடிச்சுக் குடிச்சு நிண்டா.

"என்னப்பா, எனக்கு ஏலுமே?"

"ஏலும். நீர் வாசியும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

பாத்தனான்தான். ஃப்ரிட்ஜை நிப்பாட்டினன். ரீவியைக் கழட்டினன். கதவு பெல்லில இருந்த பற்றரியையும் எடுத்திட்டன். லைன் இழுபடக்கூடாதெண்டு என்ர ஃபோனையும் நிப்பாட்டி அடுப்படி மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டினன். அதுவும் கிரிக்கெட் மட்ச் நடக்கிற நாள்! ஸ்கோர் கூடப் பாக்கேல்ல. போன கிழமைதான் புது ஃபைபர் லைன் போட்டனான். எங்கட பக்கம் பிழையெண்டு ஒருத்தரும் வாய் திறக்கேலாது.

எல்லாம் அந்தப் பெடியன்ர பிழை.

"சுஜீத், ஒரு மணித்தியாலத்தில மூண்டு தரம்!" கம்பனி மனிசி இங்கிலிஷில சினந்தா. "ஒரு லைனைக்கூட ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதா? உங்கட மனேஜரோட கதைக்கப்போறன்."

"சொறி. முழுக்க என்ர பிழைதான்," எண்டான் பெடியன்.

நல்லா வேணும் எண்டு நினைச்சன்.

கடைசியில ஒரு மாதிரி முடிஞ்சு, சாந்தி வேர்த்து விறுவிறுத்து வெளியில வந்தா.

"முடிச்சிட்டன் அப்பா! அவைக்கு நல்லாப் பிடிச்சிருக்காம். அடுத்த வீடியோவையும் நானே வாசிக்கட்டாம்!"

"லைன் விழாட்டி எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"அதை விடுங்கோ. நடுவில கரகர எண்டு கேட்டது. ஐயோ, தொண்டை போச்சு எண்டு பயந்தே போனன். பாத்தா லைனாம்!"

வாய்விட்டுச் சிரிச்சா. பதினொரு மாதமா அந்தச் சிரிப்பை நான் காணேல்ல.

அவ தேத்தண்ணி வைக்கப் போக, நான் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தினன். விடுவனே? அவவின்ர ஈமெயிலில இருந்தே ஸ்ரூடியோ மனேஜருக்கு எழுதத் தொடங்கினன். "உங்கட பெடியனுக்கு வேலை தெரியாது..."

அத்தாட்சியும் வேணுமெல்லோ? வீட்டிலயும் ஒரு கொப்பி பதிஞ்சு வைக்கிறது வழக்கம். அது லைனில போறதில்லை. மைக்கில இருந்து நேர எங்கட கொம்பியூட்டருக்குள்ள வாறது. லைன் விழுந்த இடத்திலயும் எங்கட பக்கம் சுத்தமா இருக்கெண்டு காட்டுவமெண்டு, அதைப் போட்டுக் கேட்டன்.

"நெஞ்சு வலி கூடினால் உடனே..." கர்ர். குரல் உடைஞ்சு வெறும் காத்தாப் போச்சு. கொஞ்சநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதே வரி, சுத்தமா.

ரெண்டாவது இடத்துக்குப் போனன். அங்கயும் அதே கர்ர். மூண்டாவதிலயும் அதேதான்.

லைன் ஒருக்காலும் விழேல்ல. சாந்தியின்ர குரல்தான் விழுந்தது. கம்பனி மனிசி வாய் திறக்க முந்தி, ஒவ்வொரு தரமும் அந்தப் பெடியன் பழியைத் தன்ர தலையில போட்டிருக்கிறான்.

எனக்கு வெக்கமாப் போச்சு.

எழுதினதை முழுக்க அழிச்சன். ஆனா அந்தக் கம்பனி மனிசி மனேஜரிட்டச் சொல்லத்தான் போறா. பெடியன்ர வேலைக்கு வில்லங்கம் வரும். கொஞ்சம் யோசிச்சு, திரும்ப எழுதினன்.

"ஐயா, இண்டைக்கு லைன் குழம்பினதில சுஜீத்தின்ர பிழை ஒண்டும் இல்லை. எங்கட மரியாதைக்காகத்தான் பழியைத் தான் எடுத்தவர். மனிசி வாசிக்கேக்க நான் களவா ஃபோனில கிரிக்கெட் பாத்தனான். அதாலதான் லைன் இழுபட்டது. இனிமேல் சத்தியமாப் பாக்கமாட்டன். மேரிசாந்தியின்ர புருசன்."

அனுப்பிட்டன்.

பத்து நிமிசத்தில அடுப்படியில இருந்து வெடிச்சுது. மனேஜரின்ர பதில் சாந்தியின்ர ஃபோனுக்கும் போயிட்டுது.

"கிரிக்கெட் பாத்தனீங்களோ? நான் அலுமாரிக்குள்ள நிண்டு உயிரை விட, நீங்கள் மட்ச் பாத்தனீங்களோ? ஃபோன் லாச்சிக்குள்ள எண்டு பொய் வேற! பாவம் அந்தப் பெடியன், உங்களால எவ்வளவு பேச்சு வாங்கினவன்! மனிசரே நீங்கள்?"

நிப்பாட்டவே இல்லை. கால் மணித்தியாலம். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

நான் தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தன். குரல் ஒரு இடத்திலயும் உடையேல்ல.